அசோலாக் குழியில் ஆளுயரச் சேம்பு: ஊத்தங்கரைப் பக்கம் ஒரு சேற்றுப் பாத்தி

மாட்டை விற்ற பிறகு தொழுவத்துப் பக்கம் மிஞ்சியது அசோலாக் குழி ஒன்றுதான். அசோலா என்பது மாட்டுத் தீவனத்துக்காகத் தண்ணீரில் மிதக்கவிட்டு வளர்க்கும் சின்னப் பெரணி. 10 அடி நீளம், 6 அடி அகலம், ஓரடி ஆழம். சுற்றிலும் ஒற்றைச் செங்கல் வரிசை, உள்ளே நீலச் சில்பாலின் தார்ப்பாய். 2021இல் மாடு போனது. அடுத்த கோடையில் அசோலா காய்ந்து தூளானது. அப்புறம் கோழிகள் கிளறும் இடமாகிவிட்டது. "மண்ணைத் தள்ளி மூடிடுடா, யாராவது தடுக்கி விழப்போறாங்க" என்று அம்மா நாலு தடவை சொல்லிவிட்டார். நான்தான் மூடவில்லை.

காரணம் ஏற்காடு. அங்கே ஓர் ஓடையோரத்தில் யானைக்காது சேம்பைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இலை ஒவ்வொன்றும் முறம் போல. ஒரு தூருக்குப் பின்னால் ஆள் நின்றால் தெரியாது. அதே மாதிரி ஒன்று நம் வீட்டுப் பின்புறம் நிற்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. ஆனால் எங்கள் ஊர் ஏற்காடு இல்லை. ஊத்தங்கரையிலிருந்து கூப்பிடு தூரம். ஊர்ப் பெயரில் ஊத்து இருக்கிறது. எங்கள் வீட்டு போர் 900 அடி. சித்திரை வெயிலில் முருங்கையே இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். இங்கே சேற்றில் வளரும் செடியை வளர்ப்பேன் என்றால் யார் சிரிக்க மாட்டார்கள்?

மூன்று தடவை அந்தக் குழியை வெட்டி, இரண்டு தடவை தோற்று, மூன்றாவதில் ஓரளவு தேறி வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். செடியைப் பற்றிச் சொல்வதைவிடத் தண்ணீர் எப்படி வெளியே போகிறது என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். மூன்று வருஷமும் என்னை அலைக்கழித்தது அதுதான்.

தண்ணீர்க் கணக்கு

கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு உண்டு. பல்லில் காவி படிந்த ஆட்கள் எங்கள் தலைமுறையிலேயே எத்தனையோ பேர். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் திறந்தார்கள். எங்கள் தெருவிலும் காவிரித் தண்ணீர் வருகிறது. சமையலுக்கு அதுதான். இருந்தாலும் அப்பாவுக்குத் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்துத் தள்ளும் ஆர்.ஓ. பெட்டியில்தான் நம்பிக்கை. அதனால் குடிக்கிற தண்ணீர் மட்டும் போரிலிருந்து ஆர்.ஓ. வழியாக வருகிறது.

எங்கள் பெட்டி 15 லிட்டர் நல்ல தண்ணீர் கொடுத்தால் 30 லிட்டரை வெளியே தள்ளுகிறது. இரண்டு வருஷமாக அது சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீர் இன்னொரு 15 லிட்டர். ஆக நாளுக்கு 45 லிட்டர் சும்மா போகிறது. இதை வைத்துத்தான் என் மனக்கோட்டை.

போர்த் தண்ணீரைத் தொட்டுச் செய்யக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். குடத்தோடு தெருவில் நிற்கிற ஊரில் அழகுக்கு இலை வளர்க்க மோட்டார் போடுவது அடுக்காது.

முதல் குழி, 2022 ஆனி

இணையத்தில் சேற்றுத் தோட்டம் என்று தேடினால் வருவதெல்லாம் குளிர்நாட்டு ஆட்கள். அவர்கள் வளர்ப்பது குன்னெரா. பிரேசில் மலைப்பகுதிச் செடி, இலை ஆறடி அகலம் விரியும். நம் வெயிலில் அது ஒரு மாதம் தாங்காது. மண்ணுக்கு அவர்கள் சொல்வது பீட் என்கிற சதுப்பு மக்கு. அதற்கு இங்கே நம்மிடம் இருப்பது தென்னை நார்க்கழிவு. தன் எடையைப் போல ஐந்தாறு மடங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைக்கும். காவேரிப்பட்டணம் பக்கம் போனால் லாரியில் அள்ளித் தருவார்கள்.

குழியை இரண்டடி ஆழமாக்கினேன். பழைய தார்ப்பாய் பத்தாததால் புதிதாக ஒன்று வாங்கி விரித்தேன். ஓட்டை ஒன்றுகூட போடவில்லை. அசோலாவுக்குத் தார்ப்பாய் விரித்த கை அது. ஒரு சொட்டு ஒழுகினாலும் தப்பு என்றுதான் பழக்கம். தோட்டத்துச் செம்மண், கழுவாத நார்க்கழிவு, அப்போதுதான் பக்கத்து வீட்டு மாமா தொழுவத்திலிருந்து அள்ளிய சாணம் எல்லாவற்றையும் கலந்து கொட்டினேன். சேம்பு ஆறு, கல்வாழை நாலு, யானைக்காது சேம்பு இரண்டு, ஹெலிகோனியா ஒரு தூர்.

ஒரு மாதம் எல்லாம் ஜோராக வந்தது. ஆவணியில் ஹெலிகோனியா மஞ்சளானது. ஐப்பசி மழையில் குழி நிரம்பி மண்ணுக்கு மேலே இரண்டு விரல் தண்ணீர் நின்றது. அது இறங்கவே இல்லை. எங்கே இறங்கும்?

அப்புறம் நாற்றம். அழுகின முட்டை நாற்றம். காற்று வீட்டுப் பக்கம் திரும்பினால் சாப்பிட உட்கார முடியாது. ஹெலிகோனியாவைப் பிடித்து இழுத்தேன், வேர் மண்ணிலேயே தங்கிவிட்டது, தண்டு மட்டும் கையோடு வந்தது. வேர் இருந்த இடத்தில் பழுப்புக் கூழ். யானைக்காது இரண்டும் அதே கதி. மண்ணை ஒரு கை அள்ளிப் பார்த்தேன். நான் போட்டது ரத்தச் சிவப்புச் செம்மண். கையில் இருந்தது மை போன்ற கறுப்பு.

அந்த வாரமே டெங்கு கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வரும் அம்மா வந்தார். டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தார். "சார், இது தோட்டம் இல்ல. கொசுப் பண்ணை" என்றார். உள்ளே புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அன்றைக்கே எல்லாவற்றையும் வாரி வெளியே கொட்டினேன். என் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் உறைத்தது.

கறுப்பு மண் சொன்னது

வாரிக் கொட்டின மண்ணைக் குவியலாக விட்டிருந்தேன். நாலைந்து நாளில் மேல்பகுதி மறுபடி சிவக்க ஆரம்பித்தது. உள்ளே கிளறினால் கறுப்பு, மேலே சிவப்பு. இதை உட்கார்ந்து யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

மண் முழுக்க நனைந்து நின்றால் அதிலிருக்கும் காற்றை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தின்று தீர்த்துவிடும். பச்சைச் சாணம் போட்டிருந்தால் இன்னும் வேகம். அவற்றுக்கு அது கல்யாண விருந்து. பிராணவாயு தீர்ந்ததும் அவை மண்ணில் இருக்கும் மற்றவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. முதலில் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, பிறகு இரும்பு, கடைசியில் சல்பேட். செம்மண்ணின் சிவப்பே இரும்புத் துருதான். அந்தத் துரு கரைந்துபோனால் சிவப்பு போய்விடும். சல்பேட் வரைக்கும் போய்விட்டால் அழுகின முட்டை வாயு கிளம்பும். அதுவும் இரும்பும் சேர்ந்ததுதான் அந்த மைக் கறுப்பு. ஆக, நாற்றமும் கறுப்பும் ஒரே சங்கதி. மூச்சு முட்டிய மண்.

அப்படியென்றால் சேம்பு மட்டும் எப்படிப் பிழைத்தது? ஆறில் நாலு உயிரோடு இருந்தன. ஒரு காம்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக, கண்ணுக்குத் தெரிகிற காற்றறைகள். இலையிலிருந்து வேர் வரைக்கும் காற்று இறங்குவதற்கென்றே செடி போட்டு வைத்திருக்கும் குழாய்கள். நெல்லுக்கும் இதே ஏற்பாடுதான். பிடுங்கின சேம்பு வேரைக் கழுவாமல் வெளிச்சத்தில் பிடித்தேன். கறுப்புச் சேற்றுக்குள் ஒவ்வொரு வேரைச் சுற்றியும் மெல்லிய செங்காவி உறை. வேர் நுனியில் கசிந்த காற்று பட்டு, அந்த இடத்தில் மட்டும் இரும்பு திரும்பத் துருவாகியிருக்கிறது. கறுப்புத் துணியில் காவி நூல் ஓடின மாதிரி. மூன்று வருஷத்தில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போன காட்சி அதுதான்.

இதைப் பார்த்த பிறகு ஒன்று தெளிவானது. ஈரத்தை விரும்பும் செடி வேறு, தேங்கின தண்ணீரைத் தாங்கும் செடி வேறு. ஏற்காட்டு ஓடையோரத்தில் நான் பார்த்தது ஓடுகிற ஈரம்.

இரண்டாவது குழி

இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். 2023 மாசியில், போன தடவை ஓட்டை போடாததுதான் தப்பு என்ற ரோஷத்தில், அடித் தார்ப்பாயைக் கடப்பாரையால் இருபது இடத்தில் குத்தினேன். மண்ணில் மணலையும் சேர்த்தேன். காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காணோம். பங்குனியில் நாளுக்கு நாலு டிரம் கேட்டது. போர்த் தண்ணீரைத் தொடமாட்டேன் என்று சொன்னவன் ராத்திரியில் திருட்டுத்தனமாக மோட்டார் போட்டேன். கரண்டு பில் வந்தபோது அகப்பட்டுக்கொண்டேன். சித்திரையில் விட்டுவிட்டேன்.

மூன்றாவது குழி

2023 ஆனியில் மறுபடி. இந்தத் தடவை வெட்டுவதற்கு முன்னால் பத்து நாள் யோசித்தேன்.

தார்ப்பாயின் அடியில் ஓட்டை இல்லை. பக்கவாட்டில், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மூன்றடிக்கு ஒன்றாகச் சுற்றிலும் பத்து ஓட்டை. ஸ்க்ரூ டிரைவரை அடுப்பில் காய்ச்சிக் குத்தினேன், பென்சில் தடிமன். அந்த ஒரு சாண் வரைக்கும் தண்ணீர் எப்போதும் நிற்கும். அதற்கு மேலே ஏறினால் மெதுவாகச் சுற்று மண்ணுக்குக் கசிந்துவிடும். மேலே உள்ள ஒண்ணேகால் அடி மண் ஈரமாக இருக்கும், ஆனால் மூழ்காது.

அடியில் மூன்று விரல்கிடை முக்கால் அங்குல ஜல்லி. அதன் மேல் நைலான் கொசுவலை. சாக்கு போடலாம் என்றார்கள். அது மக்கி ஜல்லியை அடைத்துவிடும். ஒரு மூலையில் நாலு அங்குல பி.வி.சி. குழாயை நட்டுக்குத்தாக நிறுத்தி, அடியில் ஓரடிக்கு ஓட்டை போட்டு வலையைச் சுற்றினேன். உள்ளே குச்சியை விட்டால் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கலாம். அதற்காக மட்டும்தான் வைத்தேன். அடுத்த வருஷம் அந்தக் குழாய்தான் பாத்தியைக் காப்பாற்றப் போகிறது என்று அப்போது தெரியாது.

மண்ணையும் மாற்றினேன். வண்டல் எடுக்க அனுமதி வாங்கியிருந்த மாமா டிராக்டரில் கொண்டுவந்த ஏரி வண்டலில் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, ஆறு மாதம் மக்கின எரு அரைப் பங்கு. நார்க்கழிவை டிரம்மில் ஊறப்போட்டு மூன்று தடவை பிழிந்தேன். முதல் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் வந்தது. கழுவாத நார்க்கழிவில் உப்பு ஜாஸ்தி. முதல் குழியில் அதையும் சேர்த்தேதான் தின்னக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விரல்கிடை ஆற்று மணல். கொசு முட்டையிட வெளியே தெரிகிற தண்ணீர் வேண்டும். ஈரமணலில் அதற்கு வேலை இல்லை.

சோப்புத் தண்ணீரை விடவில்லை. வாஷிங் மெஷின் தண்ணீரைத் திருப்பிவிடலாமே என்று தங்கச்சி கேட்டாள். சலவைத் தூளில் சோடியம் உண்டு. வண்டல் மாதிரி களிமண்ணில் அது சேர்ந்தால் மண் இறுகிப் பிசின் போலாகிவிடும். அது வேண்டாம்.

செலவு, கூலி இல்லாமல், ஐயாயிரத்துக்குள் முடிந்தது. பாதி தார்ப்பாய்க்கே போனது.

எது எங்கே நின்றது

பாத்தி முழுக்க ஒரே ஈரம் இல்லை என்பது செடிகளை வைத்த பிறகுதான் விளங்கியது. நடுவில் சேறு, ஓரத்தில் புட்டு மாவுப் பதம். நான் வைத்த இடத்தில் செடி நிற்கவில்லை. அது அது தன் இடத்தைத் தேடிக்கொண்டது.

நடுவில் சேம்பு. சாதாரண சேப்பங்கிழங்குச் சேம்புதான். சந்தையில் முளைவிட்ட கிழங்காகப் பொறுக்கி வாங்கினது. தோட்டத்து மண்ணில் முழங்கால் உயரம் வருவது இங்கே என் நெஞ்சு உயரம் வந்தது. காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் ஒவ்வோர் இலை நுனியிலும் ஒரு சொட்டு தொங்கும். பனி இல்லை, ராத்திரி வேர் தள்ளிவிட்ட தண்ணீர் இலை நுனித் துளை வழியாக வெளியே வருவது. நுனியில் சொட்டு இல்லாத காலையில் குச்சியை விட்டுப் பார்த்தால் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கும். அப்புறம் குச்சி எடுப்பதையே விட்டுவிட்டேன். சொட்டைப் பார்ப்பது போதும்.

யானைக்காது சேம்புக்கு நடு ஆகாது. இதை நான் இரண்டு செடி கொன்று கற்றேன். கடையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். காம்பு இலையின் ஓரத்திலிருந்து தள்ளி உள்பக்கம் ஒட்டியிருந்து, இலை நுனி தரையைப் பார்த்தால் அது சேப்பங்கிழங்கு வகை. நிற்கிற தண்ணீரிலும் இருக்கும். காம்பு இலைப் பிளவிலேயே சேர்ந்து, இலை வானத்தைப் பார்த்து நிமிர்ந்து, பளபளவென்று இருந்தால் அது யானைக்காது, அலோகேசியா. அதற்கு ஈரம் வேண்டும், குளிக்கவிடக் கூடாது. செங்கல் ஓரத்தில் ஒரு சாண் மேடு கட்டி வைத்தேன். வேர் தானே இறங்கிப்போய்க் குடித்துக்கொள்கிறது.

கல்வாழை எதற்கும் அசையவில்லை. ஒரே தொல்லை இலைச்சுருட்டுப் புழு. குருத்து இலையை நூலால் தைத்து உள்ளே உட்கார்ந்துகொள்ளும். மருந்தெல்லாம் அடிக்கவில்லை, காலையில் பிரித்து நசுக்குவது அப்பா வேலை. வசம்பு மெதுவாக வந்தது, ஆனால் வந்தது. தரையை மூட நீர்பிரம்மி. அது ஒரு மழைக்காலத்தில் மணலையே மறைத்துவிட்டது. ஹெலிகோனியாவை மூன்றாம் தடவை ஓரத்தில் வைத்ததும் பூத்தது.

சம்பு என்கிற உயரக் கோரையை வைத்தது முட்டாள்தனம். ஏரிக்கரையிலிருந்து ஒரு தூர் கொண்டுவந்தேன். ஆறு மாதத்தில் பாத்தியில் பாதியைப் பிடித்துக்கொண்டு, கூரான கிழங்கு நுனியால் தார்ப்பாயை முட்டிக்கொண்டிருந்தது. பிடுங்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

ஆடிக் காற்றில் அம்மி நகர்கிறதோ இல்லையோ, யானைக்காது இலை கிழியும். மேற்குப் பக்கம் பாதி நிழல் தரும் பச்சை வலையை ஆளுயரத்துக்குக் கட்டினேன். அது காற்றுக்காகக் கட்டினது. சித்திரையில் நாலு மணி வெயிலுக்கும் உதவியது. வலை இல்லாத முதல் கோடையில் காலடியில் சேறு இருந்தும் மதியம் இலை தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். வறண்ட காற்று இலையிலிருந்து உறிஞ்சுகிற வேகத்துக்கு வேரால் ஏற்றித்தர முடியவில்லை. அதைப் பார்த்துப் பதறி இன்னும் தண்ணீர் ஊற்றுவது வீண். ஆறு மணிக்குத் தானே நிமிர்ந்துவிடும்.

பாத்தியில் விளைவதைச் சாப்பிடுவதில்லை. ஆர்.ஓ. கழிவில் ஃப்ளோரைடும் சேர்ந்தே செறிகிறது. அம்மாவுக்குச் சேப்பங்கிழங்குப் புளிக்குழம்பு ரொம்ப இஷ்டம். அதனால் இதில் அவருக்கு வருத்தம்தான். இன்னொன்று, இந்த இரண்டு சேம்பின் சாற்றிலும் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. வெட்டும்போது கையில் பட்டால் அரிக்கும், பச்சையாக வாயில் வைத்தால் நாக்கும் தொண்டையும் வீங்கும். தங்கச்சி பையன் வரும்போது அந்தப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொள்கிறோம்.

உப்பு

2024 ஏப்ரல் கடைசி வாரம் ஞாபகம் இருக்கும். தமிழ்நாடு முழுக்க வெயில் கொளுத்தியது, எங்கள் பக்கமும் 40 டிகிரியைத் தொட்டது. அந்த வாரத்தில் சேம்பு இலை ஓரமெல்லாம் பழுப்பாகத் தீய்ந்தது. தண்ணீர் பத்தவில்லை என்று நினைத்தேன். ஆனால் குச்சி சரியான மட்டத்தைக் காட்டியது. நாளுக்கு 45 லிட்டர் போகிறது, மட்டம் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. அப்போது கண்ணில் பட்டது செங்கல். உள்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

முன்பு தொட்டிப்பக்கம் ஒரு டிரசீனா இருந்தது. ஆர்.ஓ. கழிவை ஊற்றி ஊற்றி அதன் இலை நுனியெல்லாம் கருகியது. டிரசீனா ஃப்ளோரைடுக்குக் கூசும் செடி என்று நர்சரிக்காரர் ஒருவர் அப்போதே சொல்லியிருந்தார். அது ஞாபகம் வந்து, கடையில் டி.டி.எஸ். பார்க்கும் பேனா ஒன்று வாங்கி வந்தேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அது நேராக அளப்பதில்லை; மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்துக் கணக்காகச் சொல்கிறது. நம் வேலைக்கு அது போதும். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் போர்த் தண்ணீர் 1,100. ஆர்.ஓ. கழிவு 1,600. நட்டுக்குத்துக் குழாய்க்குள்ளிருந்து எடுத்த தண்ணீர் 4,200.

அன்றைக்கு ராத்திரி கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் கழிவில் 1.6 கிராம் உப்பு. நாளுக்கு 30 லிட்டர் என்றால் 48 கிராம். மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பில் பெரும்பங்கை அங்கேயே விட்டுவிடுகிறது. மழைக்காலத்தில் மட்டம் ஏறி பக்க ஓட்டை வழியாகக் கொஞ்சம் போயிருக்கும். தை பிறந்த பிறகு ஒரு சொட்டு வெளியே போகவில்லை. ஊற்றினது எல்லாம் இலை வழியாக ஆவி, உப்பு மட்டும் ஒரு சாண் தொட்டிக்குள். தண்ணீரை வீணாக்காமல் பிடித்து வைத்துவிட்டேன் என்று பெருமைப்பட்டதெல்லாம் உப்பளம் கட்டுகிற வேலையாக முடிந்திருக்கிறது.

மே முதல் வாரம் டுல்லு மோட்டாரின் குழாயை அந்த நாலு அங்குலக் குழாய்க்குள் விட்டு, சுமார் 350 லிட்டரை வெளியே இழுத்தேன். 4,200 என்றால் அந்த 350 லிட்டரில் ஒன்றரைக் கிலோ உப்பு. ஒரு மாதம் உள்ளே போகிற அளவு. இழுத்த தண்ணீரைத் தென்னைக்கு விட்டேன். அது உப்பைத் தாங்கும். போன தண்ணீருக்கு ஈடு வேண்டுமே? மொட்டைமாடிக் குழாயைப் பாத்திப் பக்கம் திருப்பினேன். மாடி 800 சதுர அடி. 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 700 லிட்டருக்கு மேல் இறங்கும். மே நடுவில் கோடை மழை இரண்டு பெய்தது. பேனா 1,900 காட்டியது. புது இலைகள் ஓரம் கருகாமல் விரிந்தன.

அப்போதிலிருந்து மாசி முதல் வைகாசி வரை மாதம் ஒரு தடவை இழுக்கிறேன்.

ஃபெஞ்சல்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. கடலோரக்காரர்கள் கவலை என்று நாங்கள் படுத்துவிட்டோம். அது உள்ளே வந்து எங்கள் தலைமேல் நின்றது. டிசம்பர் 2 காலை வரைக்குமான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டுபோனதை எல்லோரும் டிவியில் பார்த்திருப்பார்கள். எங்கள் வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர். அந்த இரண்டு நாளும் பாத்தியை யாரும் நினைக்கவில்லை, நினைத்திருந்தால்தான் தப்பு.

மாடிக் குழாய் பாத்திப் பக்கம் திரும்பியபடியே இருந்தது. பிற்பாடு கணக்குப் போட்டேன். பாத்தியின் மேல் நேராக விழுந்தது மட்டும் 2,800 லிட்டர். மாடியிலிருந்து வந்தது 37,000 லிட்டர். பாத்தி மண் பிடித்து வைக்கிற தண்ணீரே ஆயிரத்துச் சில்லறை லிட்டர்தான்.

தண்ணீர் வடிந்து பார்த்தபோது மணலைக் காணோம், நீர்பிரம்மி சுருட்டிய பாயாக ஒரு மூலையில் கிடந்தது. கல்வாழை அத்தனையும் சாய்ந்திருந்தது. யானைக்காது ஒன்று வேரோடு புரண்டு கிடந்தது. நிமிர்த்திக் கல்லை அண்டைக் கொடுத்தேன். மேலே நின்ற தண்ணீர் மூன்றாம் நாள் பக்க ஓட்டை வழியாக வடிந்து முடிந்தது. நாற்றம் இல்லை. ஒரு வாரம் கழித்துப் பேனாவை விட்டேன். 310.

தையில் வந்த இலைகள் மாதிரி அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. யானைக்காதில் ஒன்று மூன்றடி நாலு அங்குலம். டேப்பை அப்பா பிடிக்க நான் அளந்தேன். செடி என் உயரத்தைத் தாண்டியது அந்த மாதம்தான். நான் பேனாவும் மோட்டாரும் வைத்து ஏழு மாதம் மல்லுக்கட்டியதை ஒரு ராத்திரி மழை கழுவிவிட்டுப் போயிருக்கிறது. ஊருக்கு அந்த மழை என்ன செய்தது என்று தெரிந்தவன் இதை சந்தோஷமாகச் சொல்ல முடியாது.

செய்ய நினைப்பவர்களுக்கு

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்றுதான் கேட்கிறார்கள். என்ன அளவு இடம் இருக்கிறது என்று பார்க்காதீர்கள், வீட்டிலிருந்து எவ்வளவு தண்ணீர் சும்மா போகிறது என்று ஒரு வாரம் வாளியில் பிடித்துப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். எங்கள் பக்கம் உச்சிக் கோடையில் என் பாத்தி நாளுக்கு 8 மில்லிமீட்டர் குடித்தது. ஆகவே உங்கள் கழிவுத் தண்ணீர் லிட்டரை எட்டால் வகுங்கள். வருவது சதுர மீட்டர். 30 லிட்டர் என்றால் நாலு சதுர மீட்டருக்குள். ஓசூர்ப் பக்கம் குளிர்ச்சி என்பதால் கொஞ்சம் கூடப் போகலாம். கழிவுத் தண்ணீரே இல்லாத வீட்டில் இது வேண்டாம், குரோட்டன்ஸ் வையுங்கள்.

கழிவு ஆர்.ஓ.வுடையது என்றால் மழைத் தண்ணீருக்கும் ஒரு வழி வைக்காமல் தொடங்காதீர்கள். நட்டுக்குத்துக் குழாயை முதல் நாளே வையுங்கள், மண் கொட்டின பிறகு சொருக முடியாது.

டெங்கு அம்மா போன ஆவணியிலும் வந்தார். குச்சியால் மணலைக் கிளறினார், குழாய் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். சேம்பு, யானைக்காது இலைக் கக்கத்தில் தேங்கியிருந்த தண்ணீரைக் காட்டி, அதிலும் கொசு முட்டை வைக்கும், வாரம் ஒரு தடவை பைப்பால் அடித்துக் கழுவிவிடுங்கள் என்றார். அது எனக்குத் தோன்றாத விஷயம். இப்போது சனிக்கிழமை தோறும் நடக்கிறது. போகும்போது கல்வாழையில் மஞ்சள் பூ ரகம் ஒரு கிழங்கு கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது உள்ள கவலை தார்ப்பாயின் விளிம்பு. செங்கலுக்கு மேலே வெயில் படுகிற இடத்தில் சில்பாலின் பொடிந்து செதில் செதிலாக உதிர்கிறது. உள்ளே மண்ணுக்குக் கீழே நன்றாகத்தான் இருக்கிறது. விளிம்பை மட்டும் வெட்டிவிட்டுக் கடப்பைக் கல்லைக் கவிழ்த்து மூடினால் இன்னும் சில வருஷம் ஓடும் என்று மேஸ்திரி சொல்கிறார். ஆடிக் காற்று அடங்கட்டும் என்று காத்திருக்கிறேன்.